டெக்சாஸ் கவுன்ட்டி பாடம்: யார் யாருக்கு உத்தரவு போட முடியும்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசாங்கம் பற்றிய கல்லூரிப் பாடத்தின் முதல் இடைத்தேர்வில், கவுன்ட்டி (மாநிலத்துக்குள் நம் ஊர் மாவட்டம் மாதிரியான ஒரு பகுதி) அரசாங்கம் பற்றிய பகுதியில் எனக்கு 20-க்கு 9 வந்தது. படிக்காமல் போகவில்லை. பதவிகளின் பெயர்களையும் வேலைகளையும் இரண்டு தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி, இட்லி வேகும் நேரத்தில் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அத்தனையும் மனப்பாடம். ஆனால் கேள்வி வேறு மாதிரி வந்தது.

டெக்சாஸில் அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டுமென்றால், என்ன படித்தாலும் 6 கிரெடிட் அரசாங்கப் பாடம் எடுத்தாக வேண்டும். வழக்கமாக அதில் பாதி டெக்சாஸ் அரசாங்கம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே மாலை வகுப்புக்குப் போகிறவர்கள் கடைசி நாள் ராத்திரியில் புரட்டுகிற அத்தியாயம் கவுன்ட்டிதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தப்பாகப் போட்ட கேள்வி இது: கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் புதிதாக ஒரு டெபுட்டியை (தனக்குக் கீழே வேலை செய்யும் அதிகாரியை) வேலைக்கு எடுத்திருக்கிறார், கவுன்ட்டி நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கும் கவுன்ட்டி ஜட்ஜுக்கு அது பிடிக்கவில்லை, அவர் என்ன செய்யலாம்? 'நியமனத்தை ரத்து செய்யலாம்' என்று குறித்தேன். காரணம், என் மனதில் இருந்த படம் நம் ஊர் மாவட்டம். மேலே கலெக்டர், அவருக்குக் கீழே வரிசையாக அலுவலகங்கள். கலெக்டர் நாற்காலியில் கவுன்ட்டி ஜட்ஜை உட்கார வைத்துவிட்டேன். சரியான விடை: அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஷெரிஃப் ஆபீசில் எத்தனை பணியிடம், எவ்வளவு சம்பளம் என்பதைப் பட்ஜெட்டில் முடிவு செய்வது கமிஷனர்ஸ் கோர்ட், அதாவது கவுன்ட்டியை நடத்தும் ஐந்து பேர் குழு. அந்த இடத்தில் யாரை வைப்பது என்பது ஷெரிஃப் பாடு. அவரும் மக்கள் ஓட்டில் வந்தவர், ஜட்ஜும் மக்கள் ஓட்டில் வந்தவர். ஒருவருக்கு ஒருவர் மேலதிகாரி இல்லை.

இது பிடிபட்டதும் அலமாரித் தாள்களைக் கிழித்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு பதவிக்கும் இரண்டே கேள்விதான் கேட்டுக்கொண்டேன். இவரை நாற்காலியில் உட்கார வைத்தது யார்? இவருக்கான பணம் யார் கையில் இருக்கிறது? மாணவர்கள் சறுக்குவதற்கென்றே வைக்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். உதாரணத்துக்கு கவுன்ட்டி ஆடிட்டர். தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரிகளின் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அவர் தேர்தலில் வருவதில்லை, டிஸ்ட்ரிக்ட் கோர்ட் நீதிபதிகளான டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுகள் நியமிப்பவர். கமிஷனர்ஸ் கோர்ட்டின் கணக்கைச் சரிபார்க்கிறவரை அவர்களே நியமிக்கக் கூடாது என்பதுதான் அதிலுள்ள யோசனை.

கமிஷனர்ஸ் கோர்ட் என்ற பெயரைக் கேட்டு நீதிமன்றம் என்று நினைக்காதீர்கள். கவுன்ட்டியை நான்கு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு கமிஷனர், மொத்தக் கவுன்ட்டிக்கும் சேர்த்து ஒரு ஜட்ஜ். ஆக ஐந்து பேர், ஐந்து ஓட்டு. தலைமை தாங்கும் ஜட்ஜுக்கும் ஒரு ஓட்டுதான், வீட்டோ கிடையாது. பட்ஜெட், வரி விகிதம், சாலை, பாலம், சிறைக் கட்டடம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. சாதாரணக் கூட்டத்துக்கு மூன்று பேர் இருந்தால் போதும், வரி விதிக்க மட்டும் நான்கு பேர் வேண்டும். அதனால் இரண்டு கமிஷனர்கள் வராமல் இருந்தாலே வரித் தீர்மானம் நின்றுவிடும். 2022-ல் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் அதுதான் நடந்தது. இதைக் கட்டுரை விடையில் எழுதினால் விஷயம் புரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

ஜட்ஜ் வக்கீலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவர்' என்றுதான் 1876 அரசியலமைப்பு சொல்கிறது. சிறிய கவுன்ட்டிகளில் அவர் உண்மையாகவே வழக்கும் விசாரிப்பார். பெரிய கவுன்ட்டிகளில் நிர்வாகம்தான் வேலை, பேரிடர் வந்தால் பொறுப்பும் அவருடையது. 2020 மார்ச்சில் ஹாரிஸ் கவுன்ட்டியில் வீட்டிலேயே இருங்கள் என்று உத்தரவு போட்ட லினா ஹிடால்கோ வக்கீல் இல்லை.

அந்த நான்கு பிரிவைப் பற்றி ஒரு வழக்கை மட்டும் மறக்காதீர்கள்: 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஏவரி எதிர் மிட்லண்ட் கவுன்ட்டி. மிட்லண்டில் ஒரு பிரிவில் 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 414, 828. நகரமே ஒரு பிரிவுக்குள் அடைந்து கிடக்க, கிராமப்புறத்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் மூன்று கமிஷனர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரிவுகளில் மக்கள்தொகை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இந்த எண்களை முதல் தடவை பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். ஓட்டு இருந்தும் அதற்கு எடை இல்லாமல் போகும் என்பதை எனக்கு விளங்க வைத்தது அந்த நான்கு எண்கள்தான்.

இன்னொரு குழப்பம், பிரிவு என்பதற்கான 'பிரீசிங்க்ட்' என்ற சொல். கமிஷனருக்கு ஒரு பிரீசிங்க்ட், ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸுக்கும் (சிறு வழக்குகளைக் கேட்பவர்) கான்ஸ்டபிளுக்கும் (சம்மன் கொடுப்பவர்) வேறு பிரீசிங்க்ட், ஓட்டுப் போட மூன்றாவது. சொல் ஒன்று, எல்லைக்கோடு மூன்று. உங்கள் வீட்டு முகவரிக்கு மூன்றையும் தேடி எழுதிப் பாருங்கள். எனக்கு மூன்று எண்ணும் வேறு வேறாக வந்தன.

புத்தகத்தைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, வீட்டு வரி பில். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து வரி வரியாகப் படித்தேன். அனுப்பியவர் வரி வசூலிக்கும் கவுன்ட்டி டாக்ஸ் அசெசர்-கலெக்டர், உள்ளே கவுன்ட்டிக்கு ஒரு தொகை, பள்ளி மாவட்டத்துக்கு அதைவிடப் பெரிய தொகை. பெயரில் அசெசர் (மதிப்பிடுபவர்) இருந்தாலும் வீட்டின் மதிப்பைப் போடுவது அவர் இல்லை, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. இது தேர்வில் தவறாமல் வரும். கார் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் தருவதும் இவர் அலுவலகம்தான், பல கவுன்ட்டிகளில் வாக்காளர் பதிவும் இங்கேதான்.

இரண்டாவது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை லீவு போட்டுவிட்டு கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்துக்குப் போனது. யார் வேண்டுமானாலும் போகலாம். பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு முதியவர் எழுந்து, மழை வந்தால் தன் வீட்டுச் சாலைக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக்கொண்டு வாசல் வரை தண்ணீர் ஏறுவதாகச் சொன்னார், போனில் எடுத்த படத்தையும் தூக்கிக் காட்டினார். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் குனிந்து குறித்துக்கொண்டார். அந்தப் பிரிவின் கமிஷனர் அவர். அடுத்து ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சிறைக்கு ஆள் போதவில்லை என்று பணம் கேட்டார். எப்படிச் செலவு செய்வீர்கள் என்று கேட்டார்களே தவிர, இப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. நான் தப்பாகப் போட்ட விடை என் கண் முன்னே திருத்தப்பட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாண லைசென்ஸ், நிலப் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு என்றால் கவுன்ட்டி கிளார்க். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் ஆவணம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். கவுன்ட்டி சிறை ஷெரிஃப் கையில். சம்மன் கொடுப்பது, வாடகை வீட்டைக் காலி செய்ய வைப்பது கான்ஸ்டபிள். அந்த வாடகை வழக்கையும் 20,000 டாலர் வரையுள்ள சிவில் வழக்கையும் கேட்பது ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்.

பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஷெரிஃப், டாக்ஸ் அசெசர், கான்ஸ்டபிள், 1, 3 பிரிவு கமிஷனர்கள் ஜனாதிபதித் தேர்தல் ஆண்டில் வருவார்கள். ஜட்ஜ், கிளார்க்குகள், 2, 4 பிரிவு கமிஷனர்கள் கவர்னர் தேர்தல் ஆண்டில். நடுவில் நீக்க வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜூரி முன் நிரூபிக்க வேண்டும்.

254 கவுன்ட்டிக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுன்ட்டியில் 64 பேர், ஹாரிஸில் 47 லட்சம். இரண்டிலும் ஒரு ஜட்ஜ், நான்கு கமிஷனர். 'இந்த அமைப்பு இன்றைக்குப் பொருந்துமா' என்ற கட்டுரைக் கேள்விக்கு நான் இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் தொடங்கினேன். மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரம் தவிர வேறெதுவும் கவுன்ட்டிக்கு இல்லை என்று எழுதி, அந்த முதியவரின் குழாயையும் சேர்த்தேன். 20-க்கு 18 கிடைத்தது. போன 2 மதிப்பெண்ணும் ட்ரெஷரர் (கவுன்ட்டியின் பொருளாளர்) பதவியில் போனது. சில கவுன்ட்டிகளில் அந்தப் பதவியையே அரசியலமைப்புத் திருத்தம் மூலம் எடுத்துவிட்டார்கள், கால்வெஸ்டனில் 2023-ல். நீங்கள் அதை விட்டுவிடாதீர்கள்.