கீரிமலை மூச்சும் ஜேர்மன் கடற்குதிரையும்

ஜேர்மனியில் பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், தானும் தடாகத்தில் இறங்கும் நம்மவருக்கு முதல் நாளே ஒரு குத்து விழும். நீச்சலுடையில் கடற்குதிரைச் சின்னம் தைத்த ஆறு வயதுப் பொடியன் ஒருவன், "ஏன் நீங்கள் தலையைத் தண்ணிக்குள்ள வைக்கிறேல்லை?" என்று கேட்டுவிடுவான். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் குதித்துச் சுழியோடிய பரம்பரையிடம் கேட்கிற கேள்வியா இது?

பதில் அந்தக் கடற்குதிரையிலேயே இருக்கிறது. 'ஸேப்பெர்ட்ஷென்' (கடற்குதிரை) என்ற தொடக்க நீச்சல் சின்னம் வாங்க, கரையிலிருந்து குதித்து 25 மீற்றர் நீந்த வேண்டும். தோளளவு தண்ணீரின் அடியில் கிடக்கும் பொருளைக் கையால் எடுக்க வேண்டும். 2020 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: குப்புற நீந்துபவர் தண்ணீருக்குள் மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் இரண்டும் நமக்கு விளையாட்டு. கவிழ்வது மூன்றாவதில். ஊரில் பந்தயமே யார் கனநேரம் மூச்சுப் பிடிக்கிறார் என்பதுதானே.

சுழியோட அது போதும், நீந்தப் போதாது. பிடித்த மூச்சோடு தலையை உயர்த்தினால், அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதியதையும் இழுக்க வேண்டும். பாதிதான் வெளியேறும், மிச்சத்தின் மேல் இன்னொரு இழுவை. மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைந்ததால் அல்ல, கரியமிலவாயு சேர்ந்ததால். பத்து மீற்றரில் நெஞ்சு இறுகி, தலை இன்னும் மேலே போகும், இடுப்பும் காலும் தாழும், பிறகு நாய் நீச்சல்தான்.

நெஞ்சளவு தண்ணீரில், விளிம்பைப் பிடித்து நின்று பழகுங்கள். வாயால் சட்டென்று இழுத்து, முகத்தை அமிழ்த்தி, மூன்று நான்கு எண்ணும்வரை மூக்காலும் வாயாலும் விடுங்கள். நிறுத்தாமல் பத்துத் தடவை. மூக்கில் தண்ணீர் ஏறுகிறதென்றால் இடையில் விடுவதை நிறுத்திவிட்டீர்கள். ஆச்சி கதை சொல்லும்போது 'ம்ம்' கொட்டுவோமே, அதையே தண்ணீருக்குள் நீட்டிச் சொல்லுங்கள். காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும் மூக்கில் தண்ணீர் ஏறாது. ஆச்சி கதையில் நாம் பாதியில் நித்திரையாகி 'ம்ம்' நின்றால், அவவும் நிறுத்திவிடுவா.

விடாத பழக்கம் இன்னொன்று: எழுந்தவுடன் இரண்டு கையாலும் முகத்தை வழித்து, தலைமயிரைப் பின்னே தள்ளுவது. கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளித்த கை, சும்மா இருக்குமா? ஆனால் நீந்தும்போது அந்தக் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. கண்ணாடி போட்டு, நீர் தானாக வடியட்டும்.

பிறகு தவளை நீச்சல். கைகள் விரியும்போது நாடி தண்ணீர் மட்டத்தில் நிற்க மூச்சிழுங்கள். கைகள் முன்னே நீளும்போது முகம் உள்ளே, காலடித்து வழுக்கிச் செல்லும் நேரமெல்லாம் 'ம்ம்'. மூழ்குமுன் வேகவேகமாகப் பல மூச்சு இழுக்கும் பழைய தந்திரம் மட்டும் வேண்டாம். அது கரியமிலவாயுவைக் குறைத்து, முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயங்க வைக்கும்.

கடற்குதிரையை வாங்கித் தைத்தும் ஆயிற்று, இனி நாங்களும் இந்த ஊர் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். விடுமுறைக்குப் போய்க் கீரிமலைக் கேணிப் படியில் நிற்கும்போது பாருங்கள்: நெஞ்சு நிறைய மூச்சு பிடித்துத்தான் குதிப்போம். மேலே வந்து, இரண்டு கையாலும் முகத்தை வழித்த பிறகுதான் 'ம்ம்' ஞாபகம் வரும்.