குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்த எட்டு மாதங்களும் எங்களைத் தாங்கிய வசனங்களும்

சென்ற வாரம் அம்மாவின் வங்கிக் கணக்கில் குடும்ப ஓய்வூதியம் நிலுவையோடு சேர்த்து வரவு வைக்கப்பட்டது. அப்பா இறந்து எட்டு மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் தொகை அது. இந்த எட்டு மாதங்களில் நானும் அம்மாவும் நடந்த நடையையும், ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகும் எங்களை மறுபடி பேருந்து ஏறவைத்த வேத வசனங்களையும், அந்த வலி ஆறுவதற்கு முன்பே எழுதிவிட விரும்புகிறேன். பெயர் வேறுபாட்டினால் இதே வரிசையில் நின்றுகொண்டிருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களில் ஒருவருக்காவது ஒரு நடை குறைந்தால் போதும்.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி 2004இல் ஓய்வு பெற்றவர். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் பெரிய தொல்லையின்றிக் கிடைத்தன. சிக்கல் முழுவதும் அம்மாவின் பெயரில் இருந்தது. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்தது கிருபை என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர். தாத்தா ஆசையாக அழைத்ததும், பள்ளியில் சேர்த்தபோது எழுதிக் கொடுத்ததும் ஒரு தமிழ்ப் பெயர். அப்பா தம் பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயராக வீட்டுப் பெயரையே எழுதிக் கொடுத்திருந்தார். அதுவே ஓய்வூதியப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் இருப்பதோ ஆலயத்துப் பெயர். வட ஆற்காட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் இது புதிதன்று என்பதால், அப்பா உயிரோடு இருந்தவரை இதை ஒரு குறையாக எங்களில் எவரும் நினைக்கவில்லை.

முதல் நாள், குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கப் போன அலுவலகத்தில் எங்களை அழைத்தபோது உணவு இடைவேளை நெருங்கிவிட்டது. எழுத்தர் ஓய்வூதியப் புத்தகத்தையும் ஆதாரையும் அருகருகே வைத்து ஒரே ஒரு முறை பார்த்தார். “இது வேற ஆள், அது வேற ஆள்” என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தாள்களை எங்கள் பக்கமாகத் தள்ளினார். ஐம்பது ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து, அவரை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணிடம், நீ அவருடைய மனைவிதானா என்று கேட்பதற்கு ஒப்பான சொல் அது. என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டதற்கு, “ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார். யாரிடம் வாங்க வேண்டும், என்ன வாசகம் இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் திரும்பிக் கேட்கவில்லை. அன்று கேட்காமல் வந்தது பின்னர் மூன்று மாதங்களைத் தின்றது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புத்தாண்டுக்கென ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைக் கொடுத்தார்கள். அம்மா எடுத்த அட்டையில் ஏசாயா 43:1 இருந்தது: “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.” வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த அட்டையை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, “எந்தப் பேரைச் சொல்லி, பாப்பா?” என்று கேட்டார். விசுவாசக் குறைவினால் எழுந்த கேள்வி அல்ல அது. தம்முடைய பெயரே தமக்கு எதிராக நிற்பதைக் கண்ட ஒரு மனுஷியின் கேள்வி. அன்று இரவு எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தேன். வாக்குத்தத்த அட்டையில் இடம் பெறுவது ஒரு வசனம்தான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை வாசிக்காமல் விட்டால், அந்த வசனம் யாரிடம் எந்த நெருக்கடியில் சொல்லப்பட்டது என்பது தெரியாமலே போய்விடும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களை நோக்கிய ஆறுதல் அது. அந்தச் சிறையிருப்பில் தானியேலுக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைத்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அரண்மனை அதிகாரி அவருக்கு பெல்தெஷாத்சார் என்று வேறு பெயர் இட்டான்; அவருடைய மூன்று தோழர்களுக்கும் அப்படியே செய்தான். அரசவை அவரைப் புதிய பெயரால் அறிந்தது. ஆனால் அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது வந்த காபிரியேல் தூதன் “தானியேலே” என்றுதான் அழைத்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், ஓய்வூதியக் காகிதங்கள் இருந்த பையைத் துடைத்து, அந்த அட்டையை அதற்குள் வைத்தார். அதற்குப் பிறகு அந்த அட்டை இல்லாமல் நாங்கள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

ஜனவரியில் ஒரு முழு நாள் வீணாயிற்று. குடும்ப அட்டையில் வேலூர் மாவட்டம் என்று இருந்ததால், வருவாய்த் துறைச் சான்றுக்காக வேலூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, எங்கள் ஊர் இப்போது தங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். ஆற்காட்டை அடுத்த எங்கள் ஊர் 2019 நவம்பரில் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது என்பது எனக்கும் தெரியும். பழைய அட்டையை வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனது என் பிழை. ஆனால் அன்று ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அம்மாவின் திருமணப் பதிவில் எங்கள் ஊர் இருப்பது வட ஆற்காடு மாவட்டத்தில். 1989இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தபோது அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆயிற்று. அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் வேலூர் மாவட்டம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அந்த ஊருக்கு இத்தனை மாவட்டப் பெயர்கள் இருப்பதை எந்த மேசையிலும் எவரும் தடையாகச் சொல்லவில்லை. ஒரு விதவைக்கு இரண்டு பெயர்கள் இருப்பது மட்டும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் வழியில் கோட்டை அகழியின் எதிரே சற்று நேரம் உட்கார்ந்தோம். கோட்டைக்குள் இருக்கும் தூய யோவான் ஆலயத்துக்கு அப்பாவும் அம்மாவும் திருமணமான புதிதில் ஒருமுறை போயிருந்ததை அம்மா நினைவுகூர்ந்தார். இனி வர வேண்டாம், கிடைத்தால் கிடைக்கட்டும் என்று நான் சலித்துச் சொன்னபோது, அவர் லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையைப் பற்றிப் பேசினார். தேவனுக்குப் பயப்படாத நியாயாதிபதியிடம் நியாயம் கேட்டு ஓயாமல் போன பெண் அவள். அந்த உவமை, சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. நான் அதை எப்போதும் ஜெபத்தைப் பற்றிய உவமையாகவே கேட்டிருந்தேன். அம்மா அதில் வேறொன்றைக் கண்டிருந்தார். “அவ வீட்ல முழங்கால்ல இருந்தான்னு இல்லியே. திரும்பத் திரும்ப நடந்து போனா” என்றார். ஜெபத்துக்கு உவமையாக ஆண்டவர் ஒரு விதவையின் நடையையே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், எங்கள் நடையும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பது அம்மாவின் உறுதி.

இதற்கு நேர்மாறான ஆறுதல் ஒன்றும் எங்களுக்குக் கிடைத்தது. அதை எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், விசுவாசம் போதாததால்தான் தாமதம் ஆகிறது, அலைவதை நிறுத்திவிட்டு உபவாசம் இருங்கள் என்று ஒருவர் அம்மாவிடம் சொன்னார். துக்கத்தில் இருப்பவரின் தோளில் பழியையும் ஏற்றி வைப்பதற்கு வசனத்தைப் பயன்படுத்தக் கூடாது. எருசலேமின் மதிலைக் கட்டப் போக விரும்பிய நெகேமியா, பாரசீக ராஜாவின் முன்னே நின்றபோது பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார். அதே இடத்தில், நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்குக் கடிதங்களும், மரங்களுக்காக வனக் காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்கினார். ஜெபித்தவர் காகிதம் கேட்டதைக் குறைவான விசுவாசம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

ராணிப்பேட்டைப் பக்கத்தில் விசாரித்ததில், இரண்டு பெயர்களும் சேர்ந்து இருக்கும் ஒரு பழைய ஆவணம் வேண்டும் என்றார்கள். எழுதப்பட்ட தேவை என்ன என்று முதன்முறையாகத் தெளிவாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். அப்படி ஓர் ஆவணம் இருக்க முடியுமானால் அது 1974ஆம் ஆண்டின் திருமணப் பதிவேடு.

அதைத் தேடிய கதை தனி. திருமணம் நடந்த ஆலயத்தில் பதிவேடுகள் இருந்த அலமாரியின் சாவி ஒரு பொறுப்பாளரிடம் இருந்தது. அவர் சென்னையில் இருந்தார். தொலைபேசியில் அழைத்தபோது, அவ்வளவு பழையதெல்லாம் கரையான் அரித்திருக்கும் என்று பார்க்காமலே சொன்னார். மூன்றாம் முறை போனபோது அலமாரி திறக்கப்பட்டது. 1980க்கு முந்தைய பதிவேடுகள் அங்கே இல்லை. சபை இரண்டாகப் பிரிந்தபோது அவை தாய்ச் சபைக்குப் போய்விட்டதாக, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நினைவிலிருந்து சொன்னார். அவர் அன்று அங்கே இல்லாதிருந்தால் எங்கள் தேடல் அத்தோடு முடிந்திருக்கும். அன்று இரவு எஸ்றா 2ஆம் அதிகாரத்தை வாசித்தேன். சாதாரண நாட்களில் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகும் அதிகாரம் அது. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமல் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்று அதில் இருக்கிறது. அலமாரியின் முன் வெறுங்கையோடு நின்றவர்களைப் பற்றியும் வேதம் எழுதி வைத்திருக்கிறது என்பது, அந்த இரவில் எந்த வாக்குத்தத்தத்தையும்விட எனக்கு நெருக்கமாக இருந்தது.

தாய்ச் சபையின் ஆயர் நல்ல மனிதர். தடித்த அட்டை போட்ட பதிவேட்டை மேசையில் விரித்து, பொடிந்துபோன ஓரங்களை உள்ளங்கையால் தாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த வரி கிடைத்தது. மணமகள் பெயர் என்ற கட்டத்தில் ஞானஸ்நானப் பெயர், அதற்கு நேரே மணமகளின் தந்தை என்று தாத்தாவின் பெயர். அதே வரியின் கடைசியில் மணமகளின் கையொப்பம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் சாய்ந்த எழுத்தில், வீட்டுப் பெயர். பக்கத்தில் அப்பாவின் கையொப்பம். அம்மா விரலால் தொடப் போய், தாள் கிழிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார்.

அந்தச் சான்றோடு வருவாய்த் துறைச் சான்று இரண்டு வாரத்தில் கிடைத்தது. ஆனால் முதல் அலுவலகத்தில் அதே எழுத்தர், கோயில் காகிதம் செல்லாது என்றார். இந்த முறை நான் தயாராகப் போயிருந்தேன். அது 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி எழுதப்பட்ட பதிவேடு என்று விளக்கி, ஏற்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று ஒரு மனுவை நீட்டினேன். அவர் எழுதித் தரவில்லை. கோப்பை உள்ளே எடுத்துப் போனார். உள்ளே இருந்த மேலதிகாரி அம்மாவை அழைத்து உட்காரவைத்து, பதிவேட்டு நகலையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் பார்த்து, பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டார். எட்டு மாதங்களாக நிற்க வைத்தது பத்து நிமிட வேலை.

அன்று எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். நானும் ஒரு பள்ளி அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய’ என்ற மாற்கு 10:45இன் சொற்களைத் தன் குறிக்கோளாகக் கொண்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கும் பக்கத்தில் வளர்ந்தவள். மாற்றுச் சான்றிதழில் எழுத்துப் பிழை என்று வந்த பெற்றோரை நாளைக்கு வாருங்கள் என்று நானும் அனுப்பியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில செய்திகள். எந்த மேசையில் திருப்பி அனுப்பினாலும், என்ன சான்று, யார் தர வேண்டும், என்ன வாசகம் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருமணப் பதிவேட்டிலிருந்து எழுதித் தரும் சான்றை வாங்கும்போது, கையொப்பம் எந்தப் பெயரில் இடப்பட்டுள்ளது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் தந்த சான்றில் அது இல்லாததால் மறுபடி போக வேண்டியதாயிற்று. மனு கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். உங்கள் சபை பிரிந்திருந்தால் பதிவேடுகள் எங்கே போயின என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதியப் புத்தகத்தையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்து ஊரின் நிலத்தை வாங்கியபோது, பத்திரத்தைச் சாட்சிகளோடு எழுதி, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எருசலேம் நகரம் முற்றுகையில் இருந்தபோதும் அவர் அதைச் செய்தார். நாங்கள் இப்போது எல்லா நகல்களையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அந்த வாக்குத்தத்த அட்டையும் அதிலேதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினார். உறையின் மேல் பெயர் எழுதும்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பெயர்களையும் எழுதி, நடுவில் ‘என்கிற’ என்று சேர்த்திருந்தார். ஆராதனையில் செயலர் அதை எழுதியிருந்தபடியே முழுவதும் வாசித்தார்.