உறையில்லாமல் போகும் படங்கள்

ஃபிலிம் கேமராவில் எடுத்த படத்தைத் தம் கையாலேயே இருட்டறையில் அஞ்சலட்டையாக அச்சிட்டு, ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் ஃபிலிம் பிரியர்களிடையே நடந்து வருகிறது. ஏற்பாடு எளிமையானது. ஒரு சுற்றில் சேர விரும்புகிறவர்கள் தங்கள் முகவரியையும், எத்தனை அட்டைகள் அனுப்ப இயலும் என்பதையும் ஒருங்கிணைப்பவரிடம் சொல்கிறார்கள். அவர் பெயர்ப்பட்டியலைப் பகிர்ந்து தருகிறார். குறித்த கெடுவுக்குள் ஒவ்வொருவரும் தம் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அட்டை அனுப்பிவிட வேண்டும். படம் ஃபிலிமில் எடுத்ததாகவும், அச்சு ரசாயன முறையில் சொந்தக் கையால் போட்டதாகவும் இருக்க வேண்டும் என்பதைத் தவிரப் பெரிய விதிகள் எவையும் இல்லை.

சென்னையிலிருந்து சில ஆண்டுகளாக நானும் இதில் பங்கெடுத்து வருகிறேன். பங்கேற்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் வாதம் ஒன்று உண்டு: அட்டையை உறைக்குள் வைத்து அனுப்பலாமா, அப்படியே வெறுமனே தபால்பெட்டியில் போட வேண்டுமா? நான் இரண்டாவது கட்சி. உறைக்குள் வந்து சேர்வது சிறிய அளவில் போட்ட ஒரு பிரிண்ட், அவ்வளவுதான். அதை அஞ்சலட்டை என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. உறை கிடையாது என்று முடிவு செய்துவிட்டால், எந்தத் தாள், எந்தப் படம், எந்தப் பேனா என்ற கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்தே விடை கிடைத்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு நூற்றாண்டைக் கடந்த பாரம்பரியம் இருக்கிறது. 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. இந்தியாவுக்கு அது 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் வந்தது. தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால், படம் போட்டவர்கள் செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. பிரிட்டன் 1902-லும் அமெரிக்கா 1907-லும் முகவரிப் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பாதியில் செய்தி எழுத அனுமதித்த பிறகுதான் மறுபக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. இடையில் 1903-இல் கோடக் நிறுவனம் 3ஏ என்ற மடிப்புக் கேமராவைக் கொண்டு வந்தது. அதன் நெகட்டிவ் மூன்றேகால் அங்குல அகலமும் ஐந்தரை அங்குல நீளமும் கொண்டது, அதாவது அஞ்சலட்டையின் அளவு. படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜர் தேவையில்லை, நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அழுத்தி ஒளி காட்டினால் அட்டை தயார். பின்பக்கத்தில் முகவரிக் கோடுகள் அச்சிட்ட புகைப்படத் தாளும் கடைகளில் கிடைத்தது. அமெரிக்கச் சிற்றூர்களின் வெள்ளம், தீ விபத்து, கடைத்தெரு, புது வீட்டு வாசலில் நிற்கும் குடும்பம் என்று எத்தனையோ காட்சிகள் இந்த வழியில்தான் பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பழைய அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி கிடையாது. அவற்றைச் சேகரிப்பவர்கள் காலத்தைக் கணிப்பது தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பார்த்து. கோடக்கின் அஸோ தாளில் அந்தக் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணங்கள் இருக்கும்; நான்கும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1904-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட தாள், இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கினால் 1918-க்குப் பிந்தையது. படத்தைப் பற்றிப் படம் சொல்லாத செய்தியை முதுகுப்புறம் சொல்லிவிடுகிறது.

இன்று அந்த வசதிகள் சுருங்கிவிட்டன. கோடக் 2005-இல் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பையே நிறுத்தியது. அஸோவும் அதோடு போயிற்று. இங்கிலாந்தின் மோபர்லியில் இயங்கும் இல்ஃபோர்டு நிறுவனம், நான்குக்கு ஆறு அங்குல அளவில், பின்பக்கத்தில் அஞ்சலட்டைக் கோடுகள் அச்சிட்ட மல்டிகிரேடு தாளை நூறு தாள் கொண்ட பெட்டியாகத் தயாரித்திருக்கிறது. நம் ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் தயாரித்து வந்தது. அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டதால், இங்கிருப்பவர்கள் இறக்குமதித் தாளைத்தான் நம்பியிருக்கிறோம். அஞ்சலட்டைத் தாள் கிடைக்காதபோது எட்டுக்குப் பத்து அங்குலத் தாளை வெட்டிக்கொள்ளலாம். அதில் நான்குக்கு ஆறு அளவில் மூன்று அட்டைகள் வரும். மிஞ்சுகிற நான்குக்கு இரண்டு அங்குலத் துண்டு, ஒளிகாட்டும் நேரத்தைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்குச் சரியாகப் போதும். 35 மி.மீ. நெகட்டிவின் நீள அகல விகிதமும் மூன்றுக்கு இரண்டு என்பதால், எடுத்த படம் ஓரம் வெட்டுப்படாமல் அப்படியே அட்டையில் அமர்ந்துவிடும்.

எந்தத் தாள் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பரிவர்த்தனைக்கு ஆர்.சி. எனப்படும் ரெசின் பூச்சுத் தாள்தான் ஏற்றது. இருபுறமும் பாலிஎத்திலீன் பூசப்பட்டிருப்பதால் ரசாயனம் காகிதத்துக்குள் ஊறுவதில்லை. படத்தை வெளிக்கொணர ஒரு நிமிடம் டெவலப்பர், அதை நிலைநிறுத்த அரை நிமிடம் ஃபிக்ஸர், கழுவ இரண்டு நிமிடம் ஓடும் நீர் என்று வேலை முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளின் கறுப்பு ஆழமானது, அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு மணி நேரம் வரை கழுவ வேண்டும். கோடைக்காலச் சென்னையில் ஓர் அட்டைக்காக அவ்வளவு நீரை ஓடவிடுவது எனக்கு உறுத்துகிறது. காய்ந்தபின் சுருண்டுகொள்ளும் அந்தத் தாளைக் கனத்த புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினாலும், மழைக்காலத் தபால்பையில் மறுபடி வளைந்துவிடுகிறது. ஃபைபரில் அச்சிடுகிறவர்கள் உறை கேட்பதற்கு இதுவே காரணம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே நான் என் கட்சியில் நிற்கிறேன்.

ஒரு நல்ல பிரிண்ட் போடுவதும், அதே பிரிண்டைப் பட்டியல் முழுவதற்கும் போடுவதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதில் ஏற்படும் சிறு கோணலை ரசனை என்று சமாளித்துவிடலாம். இரண்டாவதில் அடுத்தடுத்த அட்டைகள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஈரத்தோடு பார்த்து முடிவெடுக்கக் கூடாது. தாள் காயும்போது படம் ஒரு சாயல் கறுப்பேறும் என்பதால், ஹேர் டிரையரில் காயவைத்து, வெள்ளை விளக்கில் பார்த்துவிட்டுத்தான் நேரத்தைக் குறிக்க வேண்டும். மாலையில் அக்கம்பக்கத்து ஏ.சி.கள் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்கி என்லார்ஜர் விளக்கு மங்கும். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் பதினொரு விநாடி வெளிச்சம் என்று நாம் எழுதி வைத்ததற்குப் பொருளே இல்லாமல் போகும். டெவலப்பருக்கு உரிய வெப்பநிலை 20 டிகிரி. நம் குழாய்நீர் மே மாதத்தில் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும். டிரேயை ஐஸ் தண்ணீர் நிரம்பிய பெரிய டிரேக்குள் இறக்கி வைத்துக்கொண்டால், முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் இடையே திரவத்தின் வேகம் மாறாமல் இருக்கும்.

தாள்களை ஒவ்வொன்றாக ஒளிகாட்டி, ஒளிபுகாத பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பிறகு இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து டெவலப்பரில் விடுவது என் வழக்கம். அதிகமாக விட்டால் ஆர்.சி. தாளின் கூர்மையான மூலைகள் பக்கத்து அட்டையின் ஈரமான ஜெலட்டின் பரப்பைக் கீறிவிடும். சிவப்பு விளக்கில் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தபின், வானம் போன்ற வெளிறிய பகுதியில் கறுப்பு முடி ஒட்டியதுபோல எழுந்து நிற்கும்.

பின்பக்கம்தான் தனிப் பாடம். ஆர்.சி. தாளின் முதுகு மை உறிஞ்சாது. ஃபவுண்டன் பேனா மை முத்து முத்தாகத் திரள்கிறது. பால்பாயிண்ட் பாதி எழுத்தில் வழுக்குகிறது. பெர்மனென்ட் மார்க்கர் பிடித்துக்கொள்ளும், ஆனால் நன்றாகக் காய்வதற்குள் அட்டைகளை அடுக்கினால் ஒருவருடைய முகவரி இன்னொருவருடைய படத்தின் மேல் பதிந்துவிடும். தபால்தலையின் பின்னால் உள்ள பசையும் இந்தப் பிளாஸ்டிக் பரப்பில் சரியாக ஒட்டாது; தனியாகப் பசை தடவி, விளிம்புகளை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் தீர்வாகச் சிலர் மெல்லிய எழுத்துத்தாளைப் பின்பக்கம் முழுவதும் ஒட்டிவிடுகிறார்கள். அது அட்டைக்குக் கொஞ்சம் விறைப்பும் தருகிறது. எனக்கும் இப்போது அதுவே பிடித்த வழி.

அஞ்சலகத்தில் என் அட்டைகளைப் பெட்டியில் போடாமல் கவுன்டரில் நீட்டி, முத்திரையைக் கையாலேயே குத்தித் தரும்படி கேட்பேன். எங்கள் பகுதிக் கவுன்டரில் இருக்கும் அம்மா முதலில் அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்ப்பார். “இது எந்த ஊர் சார், நம்ம காசிமேடா?” என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரையை எடுப்பார். உறை போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. என் படத்தின் முதல் பார்வையாளர் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஊர்கள் சிலவற்றின் அஞ்சலகங்களில் உள்ளூர்ச் சின்னம் பொறித்த பட முத்திரை வைத்திருப்பார்கள். அந்த ஊரில் எடுத்த படத்தை அங்கேயே கொண்டுபோய் முத்திரை வாங்கும் அளவுக்கு முனைப்புள்ளவர்களும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் அட்டைகளின் முகத்தில் இயந்திரங்களின் தடமும் இருக்கும். அமெரிக்காவின் தரம்பிரிக்கும் இயந்திரங்கள் தபாலின் பின்பக்கத்தில் ஒளிரும் ஆரஞ்சு நிறக் கோடுகளை அடித்து அனுப்புகின்றன. கடித உறைக்கு அது பின்பக்கம்; அஞ்சலட்டைக்கோ அதுதான் படமிருக்கும் பக்கம். ஓரிகன் கடற்கரையில் பனிமூட்டத்தை எடுத்து ஒருவர் எனக்கு அனுப்பியிருந்த அட்டையில், சாம்பல் நிற நீருக்கு மேலாக அந்த ஆரஞ்சுக் கோடுகள் வரிசையாக நிற்கின்றன. பளபளப்பான பரப்பில் மை ஊறாததால் ஓரிடத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் அதை இழுத்துவிட்டிருக்கிறது. அனுப்பியவர் வருத்தம் தெரிவித்தார். நானோ அதைத் துடைக்க முயலக்கூட இல்லை.

இருட்டறை இல்லாதவர்களுக்குச் சயனோடைப் வழி திறந்திருக்கிறது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த இந்த முறையில், ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்த கரைசலை மங்கிய ஒளியில் வாட்டர்கலர் தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் கழுவினால் நீலப் படம் வந்துவிடும். வெயிலைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் மாதத்து ஸ்காட்லாந்துக்காரர்கள் புற ஊதா விளக்கின் முன்னால் காத்துக்கிடக்கும்போது நாம் மொட்டைமாடிக்குப் போனால் போதும். இந்த அட்டைகளுக்குக் காகித முதுகு இருப்பதால் எந்தப் பேனாவும் எழுதும். நீலம் தண்ணீரில் கரையாததால் மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பகையென்றால் காரம்தான்: சோப்பு, சலவைச் சோடா பட்டால் நீலம் வெளிறும். வெயிலில் வெளிறிய நீலம் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பிவிடும் என்பது இதன் விசித்திரமான குணம். நெகட்டிவ் அட்டையின் அளவுக்கே இருக்க வேண்டும் என்பதால், சிலர் 35 மி.மீ. ஃபிலிமை ஸ்கேன் செய்து பிளாஸ்டிக் தாளில் பெரிய நெகட்டிவாக அச்சிட்டுக்கொள்கிறார்கள். இது விதிமீறல் என்று கொதிப்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் ஃபிலிமும் முடிவில் கையால் பூசிய தாளும் இருக்கும்போது, இடையில் ஒரு பிரிண்டர் புகுந்ததற்காக யாரையும் விலக்க எனக்கு விருப்பமில்லை.

எந்தப் படத்தை அனுப்புவது என்பதையும் உறையின்மைதான் தீர்மானிக்கிறது. அட்டை கையில் பிடித்துப் பார்க்கிற பொருள். பெரிய பிரிண்டில் மட்டுமே துலங்கும் நுணுக்கங்களை நம்பிய நிலக்காட்சிகள் இந்த அளவில் சுருங்கிப்போகின்றன. ஓர் உருவம், ஒரு நிழல், தெளிவான ஒரு விளிம்பு இருக்கும் படங்களே நிற்கின்றன. அது பல கைகள் வழியே திறந்தபடி போகும் என்பதால், யாரை முகம் தெரியும்படி படமெடுத்தேனோ அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதும் என் வழக்கம். காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இந்தப் படம் பின்லாந்துக்குப் போகப்போகிறது என்றேன். தனக்கும் ஒன்று வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தார். அந்தச் சுற்றில் பட்டியலுக்கு மேல் ஓர் அட்டை கூடுதலாகப் போட்டு, அவருடைய வீட்டுக்கும் தபாலிலேயே அனுப்பினேன்.

வந்து சேர்ந்த அட்டைகளை வைக்கும் இடத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. பி.வி.சி. ஆல்பங்களைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் படப்பரப்பைக் கெடுத்து அதோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் பைகள் பாதுகாப்பானவை, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிபவை. படத்தைப் பார்த்த கையோடு திருப்பி முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சயனோடைப் அட்டைகளை மட்டும் வெளிச்சம் படாத பெட்டியில் தனியாக வைக்கிறேன். அட்டை கிடைத்துவிட்டது என்று அனுப்பியவருக்கு உடனே ஒரு வரி தெரிவித்துவிட வேண்டும்; பதிவுத்தபாலும் இல்லை, பின்தொடரும் எண்ணும் இல்லை, ஆகவே அட்டை வழியில் தொலைந்ததா, போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரிய வேறு வழியே கிடையாது.