பல்லி விழுந்த பலன்

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிந்தைய அமைதியில், என் அறையிலிருந்த கணினி 'டப்' என்ற ஒரே சத்தத்தோடு அணைந்தது. கூடவே கூடத்து மின்விசிறியும் நின்றது. டிரிப்பர் கீழே விழுந்திருந்தது. எதுவோ கருகிய வாடை சமையலறை வரை போய் அம்மாவை அழைத்து வந்தது. சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா கண்ணைத் திறக்காமலேயே தீர்ப்பை வாசித்தார். "சொன்னேன் இல்லையா?"

சொன்னார்தான். 2011-இல் வெளிவந்த இன்டெல் ஐ5-2500கே பிராசஸரை, அதாவது கணினியின் மூளையை, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து, 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 4.5-க்கு ஏற்றி 'ஓவர்கிளாக்' செய்து வைத்த நாளிலிருந்து அவர் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். மின்வாரியத்து மனிதரிடம் போய், நிர்ணயித்த அளவுக்கு மேல் ஒன்றை ஓட்டுகிறேன் என்று பெருமை பேசினால் வேறென்ன கிடைக்கும்? வேலூர் வெயிலில் அதிகச் சுமை தாங்கி அலறிய டிரான்ஸ்ஃபார்மர்களின் கடைசி நிமிடங்களில் பக்கத்தில் நின்றவர் அவர். கணினி தாமதமாகத் திறந்தாலும் ஓவர்கிளாக், அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினாலும் ஓவர்கிளாக், ஒருமுறை வீட்டுத் தண்ணீர் மோட்டார் காயில் எரிந்தபோதுகூட என் அறைப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிராசஸர் தின்னும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும்; வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 3.3-ஐ 4.5 ஆக்கியதில் 36 சதவீதம் கூடியது. அந்த வேகத்தில் தடுமாறாமல் நிற்க வோல்டேஜை 1.2-இலிருந்து 1.3-க்கு உயர்த்தியதும் இரண்டும் பெருகி ஏறத்தாழ 60 சதவீதமாயிற்று. அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தச் சூட்டிலும் மின்னோட்ட நெரிசலிலும், உள்ளே இருக்கும் நுண்ணிய செப்பு இணைப்புகளின் அணுக்களை எலக்ட்ரான்கள் இடித்து இடித்துத் தள்ள, காலப்போக்கில் ஓரிடத்தில் பள்ளமும் இன்னோரிடத்தில் மேடும் உண்டாகி, ஒருநாள் இணைப்பே அறுந்துபோகும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்கிற இந்த நோய், ஓவர்கிளாக் செய்யாத சாதுவான பிராசஸருக்கும் வருவதுதான். நாம் செய்வது அதைச் சற்று முன்கூட்டியே வரவழைப்பது. ஆக, ஆயுள் குறையுமா என்றால் குறையும். எவ்வளவு குறையும் என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை.

நான் என் தரப்புக்கு 1998-இன் செலரான் 300ஏ என்ற இன்டெல் பிராசஸரை அழைப்பேன். 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற பொருளை, மதர்போர்டில் தரவு போய்வரும் 'பஸ்' என்ற பாதையின் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு மாற்றிய ஒரே காரியத்தால், பெரும்பாலும் வோல்டேஜைத் தொடாமலேயே, 450-இல் ஓட்டினார்கள். அப்பா தன் தரப்புக்கு, நானே ஒரு பலவீனமான வேளையில் அவருக்குச் சொல்லித்தந்த நார்த்வுட் பென்டியம் 4 என்ற பிராசஸரை அழைப்பார். 2002 வாக்கில் அதற்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் ஊட்டியவர்கள் அதைத் திடீரெனப் பறிகொடுத்தார்கள். அதற்குத் திடீர் மரண நோய் என்றே பெயர் வைத்தார்கள். வேகம் கொல்வதில்லை, வோல்டேஜும் சூடும்தான் கொல்கின்றன என்று நான் விளக்குவேன். வேகம் கேட்காமல் வோல்டேஜ் ஏன் ஏறியது என்று அவர் கேட்பார். 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் ஓவர்கிளாக் செய்யாமலேயே மிகையான வோல்டேஜால் தேய்ந்துபோய், நிறுவனம் பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற கட்டளைத் தொகுப்பைத் திருத்தி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்த செய்தியைப் பெரும் வெற்றியாக அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் கம்பெனிக்காரனே ஓவர்கிளாக் செய்து விற்றிருக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, பிரேதப் பரிசோதனை. பக்கத்துத் தெரு நண்பனிடம் இரவல் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை, மாட்டியதும் கணினி ஒன்றுமே நடக்காததுபோல் 4.5-இல் எழுந்து நின்றது. குற்றவாளி பழைய எஸ்.எம்.பி.எஸ். என்று தெரிந்துவிட்டது. அதைத் திறக்க நான் ஸ்குரூடிரைவரை எடுத்தபோது, உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்று அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார். மாலைக் காபி முடியும் வரை யாரையும் அருகில் விடாமல் காவல் காத்து, பிறகு அவரே திறந்தார். உள்ளே, மின்சாரம் நுழையும் முனைகள் இரண்டுக்கும் குறுக்கே, தலை ஒன்றிலும் வால் மற்றொன்றிலுமாக, ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

நான் நிரபராதி என்று இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது என்று நினைத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வேகத்தைக் கூட்டியதால் மின்னோட்டம் கூடியது, மின்னோட்டம் கூடியதால் எஸ்.எம்.பி.எஸ். கதகதப்பானது, கதகதப்பைத் தேடிப் பல்லி வந்தது, எனவே ஓவர்கிளாக் செய்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஆயுள் குறைகிறது என்று படிப்படியாக நிறுவினார். பல்லியின் ஆயுளும் என்று அம்மா சேர்த்துக்கொண்டார். செத்த பல்லி தோஷமாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வராமல் இந்தக் கணினியை யாரும் இயக்கக் கூடாது என்று உத்தரவாகியது. கணினியை இயக்கித்தான் பேருந்து நேரம் பார்க்க வேண்டும் என்றதற்கு, கைபேசியில் பார் என்றார்.

மறுநாள் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்க அப்பாவும் வந்தார். கடைப் பையன் விவரம் கேட்டுவிட்டு, இவ்வளவு பழைய பிராசஸருக்குப் புதிய விண்டோஸில் முறையான ஆதரவு இல்லை, மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை கோடையில் சூடும் வோல்டேஜும் செய்யாத கொலையை அது வெளிவந்த தேதி செய்துவிட்டுப் போகிறது. அதற்கு எலக்ட்ரான்கூடத் தேவைப்படவில்லை. நான் வாயைத் திறக்கும் முன், "தம்பி, அது நாலரை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, தெரியுமா? இவ்வளவு வருடமாக ஒருமுறைகூட நின்றதில்லை" என்று அப்பா குரலை உயர்த்தினார். பையன் மட்டுமல்ல, நானும் அவரைத் திரும்பிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரில் 8 டிகிரி கூடினால் மின்காப்பின் ஆயுள் பாதி என்கிற மான்ட்சிங்கர் விதியை என்னிடம் ஓதிய அதே வாய்தான். இருக்கிற எஸ்.எம்.பி.எஸ்.களில் விலை கூடியதைத் தேர்ந்தெடுத்து அவரே பணமும் கொடுத்தார்.

கடையிலிருந்து நேரே வந்திருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். வழியில் வன்பொருள் கடையில் இறங்கி, ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் ஒரு மீட்டர் வாங்கினார். பல்லி இனி நுழையக் கூடாது என்று கணினிப் பெட்டியின் காற்றுத் துளைகள் அத்தனையையும் அந்த வலையால் மூடி, நான்கு ஓரமும் ஒட்டிவிட்டார். முழுச் சுமையில் 71 டிகிரியில் நின்ற பிராசஸர் இப்போது 79-ஐத் தொடுகிறது. எண்ணைக் காட்டியதும், வேகத்தைக் குறை என்கிறார். வலையை எடுங்கள் என்கிறேன். காஞ்சிபுரம் போய்வரும் வரை வலையைத் தொடக் கூடாது என்கிறார் அம்மா. இப்போதைக்குப் பேச்சுவார்த்தை 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட் என்ற இடத்தில் நிற்கிறது. பின்பக்க வலையை மட்டுமாவது கழற்றலாம் என்பதற்கு அப்பா இன்னும் இறங்கி வரவில்லை.