காதுல டியூப் வைக்கலன்னா பேச்சு வராதா?

எங்க அபார்ட்மென்ட் அம்மாக்கள் இப்போ என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான், ஏன்னா என் பொண்ணுக்கு ரெண்டு காதுலயும் ஜவ்வுக்குப் பின்னாடி நீர் கோத்துக்கிட்டு, குரோமெட், அதாவது ஜவ்வுல சொருகுற பொடி டியூப், வைக்க வேண்டி வரலாம்னு ஈஎன்டி டாக்டர் சொல்லியிருந்தார். காது சரியா கேக்காம பேச்சும் வராம போயிடுமோங்குற அந்த பயம் எனக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் எழுதுறேன்.

ஆபரேஷன் சின்னதுதான். ஜவ்வுல லேசா கீறி, நீரை உறிஞ்சி எடுத்துட்டு, ஒரு பொடி டியூபை சொருகிடுவாங்க, உள்ள காத்து போய் வரும். ஆனா குழந்தைக்கு முழு மயக்கம் குடுக்கணும், அதுதான் பெத்தவங்களுக்கு வயித்தை கலக்குறது. டியூப் பெரும்பாலும் ஆறு மாசத்துலேர்ந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள தானா விழுந்துடும்.

இப்போ பேச்சு விஷயம். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஜாக் பாரடைஸ்னு ஒரு குழந்தைகள் டாக்டரும் அவரோட டீமும் 3 வயசுக்குள்ள காதுல நீர் நிக்குற 429 குழந்தைகளை ரெண்டா பிரிச்சு, ஒரு குழுவுக்கு சீக்கிரமே டியூப் வச்சாங்க, இன்னொரு குழுவுல ரெண்டு காதுலயும் நீர்னா ஆறு மாசம் வரைக்கும், ஒரு காதுன்னா ஒன்பது மாசம் வரைக்கும் பொறுத்து, அப்பவும் வத்தலன்னாதான் வச்சாங்க. 2001-ல 3 வயசு ரிசல்ட் வந்துச்சு, 2007-ல 9லேர்ந்து 11 வயசு ரிசல்ட் வந்துச்சு. பேச்சு, புத்தி, படிப்பு எதுலயுமே சீக்கிரம் வச்ச குழந்தைங்க முன்னாடி போகல. இதைப் படிச்ச அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்குனேன்.

ஆனா ஒண்ணு, அவங்கல்லாம் மத்தபடி ஆரோக்கியமா இருந்த குழந்தைங்க. அண்ணப்பிளவு (மேல்வாய் பிளந்திருக்குறது), டவுன் சிண்ட்ரோம், ஏற்கெனவே பேச்சுல தாமதம், இதெல்லாம் இருந்தா கணக்கே வேற, அங்க "பொறுத்துப் பாப்போம்"னு நாமளா முடிவு பண்ணவே கூடாது. மத்தவங்களுக்கும் மூணு மாசம் தாண்டி நீர் நின்னா காது கேக்குற டெஸ்ட் எடுத்தே ஆகணும், கேட்கும் திறன் குறைஞ்சிருந்தா டியூப் வச்சதும் நல்லா கேக்க ஆரம்பிக்கும், அதுவே பெரிய விஷயம் இல்லையா? எங்களுக்கு டாக்டர் சொன்னபடி பொறுத்ததுல நீர் தானா வத்திடுச்சு. அதுவரைக்கும் டிவியை அணைச்சிட்டு, பக்கத்துல உக்காந்து, அவ முகத்தைப் பாத்துதான் பேசுவோம்.

இன்னொண்ணு, சனிக்கிழமை எண்ணெய் குளியல்ல காதுலயும் ரெண்டு சொட்டு விடுற வீடுங்க நம்ம ஊர்ல நிறைய. ஜவ்வுக்குப் பின்னாடி இருக்குற நீருக்கு அது போய் சேராது, டியூப் வச்ச காதுலயோ எண்ணெய் விடவே கூடாது, அதை பாட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.