கறுப்புச் சட்டையும் வெள்ளைத் துப்பட்டியும்

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் நிகழ்த்துக் கலைஞர் ஒருவருக்கு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். அவர் தமிழ் முஸ்லிம் பெண். அன்றாடம் தலையை மறைக்கும் வழக்கம் இல்லாதவர். தம் பாட்டியின் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பூமாலைக் கடைகளுக்கு எதிரே மூன்று மணி நேரம் பேசாமல் நிற்பதுதான் படைப்பு. கால் மணிக்கு ஒருமுறை துணியின் மடிப்பை மாற்றுவார்: முதலில் முகம் முழுவதும் தெரியும், பிறகு ஒரு கண் மட்டும், அதன்பின் எதுவும் தெரியாது.

உரிம விண்ணப்பம் என் பொறுப்பு. பனுவலே, அதாவது எழுதி வைத்த பிரதியே, இல்லாத படைப்புக்கு விண்ணப்பத்தில் எதை இணைப்பது என்ற கேள்விக்குச் சிங்கப்பூரில் ஒரு வரலாறு உண்டு. 1994 ஜனவரியில், பனுவலற்ற நிகழ்த்துக் கலைக்கு அரசு நிதி கிடையாது என்று அறிவிக்கப்பட்டு, 2003 வரை அந்த நிலையே நீடித்தது. எங்களிடம் அப்படி யாரும் கடுமை காட்டவில்லை என்றாலும், "நிற்கிறார்" என்ற ஒற்றைச் சொல்லை ஒரு பக்கத்துக்கு விரிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. பெண் ஒருவர் நிற்கிறார், முக்காட்டைச் சரிசெய்கிறார், மீண்டும் நிற்கிறார். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் மீன் வாங்கக் காத்திருக்கும் என் அம்மாவைத்தான் எழுதியிருந்தேன்.

பாதுகாப்புப் படிவத்தில் "கூட்டத்தால் ஆபத்து" என்ற இடத்தில் "குறைவு" என்று குறித்ததைப் பார்த்துக் கலைஞர் சிரித்தார். 2015இல் காபூல் தெருவில், பெண்ணுடல் வடிவில் செய்த உலோகக் கவசத்தை அணிந்து நடந்த ஆப்கன் நிகழ்த்துக் கலைஞர் குப்ரா காதெமி, கற்களுக்கும் வசவுகளுக்கும் நடுவே எட்டு நிமிடங்களில் அதை முடித்துக்கொள்ள வேண்டியிருந்ததை நினைவூட்டினார். "இங்க யாரும் கல்லெறிய மாட்டாங்க. திரும்பிப் பார்க்காமலே போயிடுவாங்களோன்னுதான் எனக்குப் பயம்" என்றார்.

நிகழ்ச்சியன்று திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் என்னை. அரங்கப் பணியாளர்கள் கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு உடுத்துவது வழக்கம். இருண்ட மேடையில் பலித்த அந்த உத்தி, மாலை ஐந்து மணி வெயிலில், தலையில் கறுப்பு ஹிஜாபும் அணிந்திருந்த எனக்கு நேர் எதிராக வேலை செய்தது. "நீங்க எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். கையில் வாக்கி-டாக்கியுடன் தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்த என்னை இருவர் படமெடுத்தனர். சில அடி தள்ளி, வெள்ளைத் துணிக்குள் நின்றவரை யாரோ வீட்டுப் பெரியவர் என்று நினைத்து வழிவிட்டுப் போனவர்களும் உண்டு.

"தாதியர் தூடோங் (முக்காடு) போடலாம்னு 2021 நவம்பர்லயே அனுமதிச்சாச்சே, இன்னும் எதுக்குப் போராட்டம்?" என்று ஒருவர் தணிந்த குரலில் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. போராட்டம் என்ற சொல் இவ்வூரில் லேசானதன்று. "போராட்டம் இல்லைங்க, கலை நிகழ்ச்சி, உரிமம் இருக்கு" என்று கோப்பைத் திறந்தே காட்டினேன். அவர் உரிமத்தைப் பொறுமையாகப் படித்தார். கலைஞரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தலையை மறைத்த ஒருத்தி தெருவில் நிற்பதற்கு நான் ஏன் அவ்வளவு அவசரமாகச் சான்று காட்டினேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அன்று அவர் கேட்டது கலைஞரைப் பற்றியா, என்னைப் பற்றியா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுவாரம் புகைப்படக்காரர் படங்களை அனுப்பினார். ஏறக்குறைய பாதியில் நானும் இருந்தேன். என்னை அழித்துவிடட்டுமா என்று நல்லெண்ணத்துடன்தான் கேட்டிருந்தார். கலைஞர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்து, கையில் வாக்கி-டாக்கி தெரிகிற படங்களை அப்படியே வைத்திருக்கும்படி பதில் எழுதினேன்.