வளவு வானொலிக்கு ஒரு மாற்று வால்வு: ஐந்து மாதத் தேடலின் குறிப்புகள்

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் வளவுப் பட்டாலையில், ஐயா (தாத்தா) மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போயிருந்த காலத்தில் வாங்கி வந்த வால்வு வானொலி ஒன்று இருக்கிறது; டிரான்சிஸ்டருக்கு முந்தைய, வால்வு எனும் கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது. நான் சிறுவனாக இருந்தபோது அது பாடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் நின்றது. தேக்கு மேசையும் பின்னல் விரிப்புமாக அது இருந்த இடம் மட்டும் மாறவில்லை. கடந்த தை மாதம் வீட்டைத் திறந்து சுத்தம் செய்தபோது, "ஐயா கேட்ட பெட்டி, அதைப் பாட வச்சுக் காட்டப்பா" என்று அப்பத்தா சொன்னார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்லன்; ஆனால் டிரான்சிஸ்டர் வானொலிகளையும் ஆம்பிளிபயர்களையும் ஓய்வு நேரத்தில் சரிசெய்து பழகியவன் என்பதால் துணிந்து காரைக்குடிக்கு எடுத்து வந்தேன்.

பின்பலகையைக் கழற்றியதும் தெரிந்தவை நான்கு வால்வுகள்: யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85. இந்த வகைப் பெட்டியில் மெயின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. நான்கு வால்வுகளின் ஹீட்டர்களும் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) ஒரே சங்கிலியாகத் தொடரில் கோக்கப்பட்டு, மிச்ச வோல்ட்டேஜை ஒரு பெரிய ரெசிஸ்டர் தாங்கிக்கொள்கிறது. கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குச் சரத்தைப் போல, ஒன்று அறுந்தால் அத்தனையும் இருட்டு. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில், யுசிஎல்82-இன் ஹீட்டர் முனைகளான 4, 5 ஆகிய பின்களுக்கிடையே (வால்வின் அடியிலுள்ள ஊசிகள்) தொடர்பே இல்லை. ஹீட்டர் அறுந்திருந்தது.

மேலே செல்லும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய பெட்டிகளில் மெயின் கம்பி ஒன்று நேராகச் சேஸிஸில் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) சேர்கிறது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். எனவே எதையும் தொடுவதற்கு முன்பாக, மோட்டார் காயில் கட்டும் கடையில் 230-க்கு 230 வோல்ட், 100 விஏ தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுற்றித் தரச் சொல்லி வாங்கினேன். இதற்கான செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே நல்லது.

அடுத்து வால்வைத் தேடும் படலம். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வானொலிப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஏதாவது ஒன்றில் யுசிஎல்82 இருக்கும் என்று நம்பி மூன்று சனிக்கிழமைகள் அலைந்தேன். ஒரு கடைக்காரர் பின்பலகையைத் திறந்து காட்டுவதற்குக்கூடத் தயங்கினார். "உள்ள இருக்கறத உருவிட்டா பெட்டிய யாரு தம்பி வாங்குவா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திறந்து பார்த்த இரண்டு பெட்டிகளில் வால்வுகள் அகற்றப்பட்டு, உள்ளே புளூடூத் பலகை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்க்க மனம் வருந்தியது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போன நண்பரும் அந்த எண்ணில் எதுவும் இல்லை என்று திரும்பினார்.

கடைசியில் தபால் வழியாக விற்கும் ஒருவரிடமிருந்து 'புதிய, பயன்படுத்தாத யுசிஎல்82' என்று ஒன்றை வரவழைத்தேன். பெட்டியும் எழுத்தும் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தன. செருகும் முன் ஹீட்டரின் தடையை அளந்தேன்; 9 ஓம் காட்டியது. நல்ல நிலையிலிருந்த யுபிஎஃப்89-ஐ அளந்தபோது 29 ஓம். இது பொருந்தவில்லை. யுசிஎல்82-இன் ஹீட்டர் 50 வோல்ட், 0.1 ஆம்பியர், அதாவது சூடான நிலையில் 500 ஓம். குளிர்ந்திருக்கும்போது ஹீட்டரின் தடை சூடான நிலையில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்காக இருக்கும் என்பதால் 75 ஓம் வாக்கில் இருந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் நனைத்த துணியால் மெல்லத் துடைத்ததும் 'யுசிஎல்82' என்ற எழுத்து துணியோடு வந்துவிட்டது. அதன் கீழே மங்கலாக 'பிசிஎல்82' என்று பழைய அச்சு தெரிந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த வாரம் முழுவதும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

தேவகோட்டையில் ஐம்பது ஆண்டுகள் வானொலியும் தொலைக்காட்சியும் பழுதுபார்த்து, இப்போது ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரிடம் அந்த வால்வை எடுத்துச் சென்று காட்டினேன். அவர் கண்ணாடியை உயர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணத் தேடாத தம்பி. முதல் எழுத்த மட்டும் விட்டுட்டுப் படி" என்றார். எனக்கு வழி திறந்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஐரோப்பிய வால்வுகளின் பெயரில் முதல் எழுத்து ஹீட்டரை மட்டுமே குறிக்கிறது. 'இ' என்றால் 6.3 வோல்ட், 'பி' என்றால் 300 மில்லி ஆம்பியர் தொடர் சங்கிலி, 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் சங்கிலி. அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பதைச் சொல்கின்றன: 'சி' டிரையோடு (மூன்று மின்முனைப் பகுதி), 'எல்' பவர் பென்டோடு (ஸ்பீக்கரை இயக்கும் ஐந்து மின்முனைப் பகுதி). எண்ணின் முதல் இலக்கமான 8, ஒன்பது பின் கொண்ட அடித்தளத்தைக் குறிக்கிறது. ஆக இசிஎல்82, பிசிஎல்82, யுசிஎல்82 மூன்றுக்கும் வயிறு ஒன்றே, பின் அமைப்பும் ஒன்றே, அடுப்புதான் வேறு. பிசிஎல்82-இன் ஹீட்டருக்கு 16 வோல்ட், 0.3 ஆம்பியர் தேவை. ஏமாற்றி விற்கப்பட்ட வால்வுக்குத் தனி அடுப்பு கொடுத்தால் அது எங்கள் பெட்டியில் வேலை செய்யும்.

16 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்காது. ஆனால் நடு முனையின் இருபுறமும் 15 வோல்ட் தரும் 15-0-15 எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தினேன். பாரம் குறைவு, எங்கள் தெருவின் மின்னழுத்தமும் சற்றுக் கூடுதல் என்பதால் வால்வு எரியும்போதே 16.2 வோல்ட் கிடைத்தது. அந்தச் சுற்றின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்தேன்.

யுசிஎல்82 சங்கிலியிலிருந்து விலகிய இடத்தில் அதற்கு ஈடான தடை வேண்டும். கணக்கின்படி 500 ஓம் போதும். ஆனால் பெட்டி 220 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மருக்குப் பின் நான் அளந்ததோ 237. கூடுதலாக வரும் 17 வோல்ட்டையும் அதே ரெசிஸ்டரே தாங்கட்டும் என்று 680 ஓம் எடுத்துக்கொண்டேன். அதில் ஏழு வாட் அளவு வெப்பம் எழும் என்பதால், 20 வாட் சிமெண்ட் ரெசிஸ்டரை வால்வுகளிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள பின்புறத்தில் பொருத்தினேன். இயங்கும்போது அதன் குறுக்கே 67.5 வோல்ட் இருந்தது. அதாவது சங்கிலியில் ஓடுவது 99 மில்லி ஆம்பியர். அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. ஹீட்டரைப் போலன்றி இந்த ரெசிஸ்டரின் தடை குளிர்ந்த நிலையிலும் மாறாது என்பதால், சுவிட்ச் போட்டவுடன் மற்ற மூன்று வால்வுகளின்மீது பாயும் மின்னோட்டமும் முன்பைவிடக் குறைகிறது.

யுஒய்85 நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. அது இறந்துபோயிருந்தால் 1என்4007 டையோடு ஒன்றையும், ஹீட்டருக்கு ஈடாக 390 ஓம் 10 வாட் ரெசிஸ்டரையும் வைத்திருப்பேன். அப்போது டையோடுக்குத் தொடராக இன்னொரு ரெசிஸ்டரும் தேவை, இல்லையெனில் வால்வுகளுக்குச் செல்லும் ஹெச்.டி. (உயர் அழுத்த) வோல்ட்டேஜ் மேலே ஏறிவிடும்.

கண்டென்சர்கள் எளிய வேலை. 50+50 மைக்ரோஃபாரட் அலுமினியக் குப்பிக்குப் பதிலாக இரண்டு 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் அனைத்துக்கும் 630 வோல்ட் பாலியஸ்டர். பழையவற்றுள் ஒன்றை மட்டும் ஆவலால் சோதித்தேன்: டிரையோடின் பிளேட்டிலிருந்து (பின் 9) பென்டோடின் கிரிட்டுக்கு (பின் 3) செல்லும் 0.01 மைக்ரோஃபாரட். 100 வோல்ட் கொடுத்து, 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மல்டிமீட்டரோடு தொடராக வைத்தபோது மீட்டர் 40 வோல்ட் காட்டியது. பூச்சியம் காட்ட வேண்டிய இடம் அது. கணக்கிட்டால் கண்டென்சரின் கசிவுத் தடை 15 மெகா ஓம்தான். 680 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அது நான்கு வோல்ட்டுக்கு மேல் நேர் அழுத்தத்தை ஏற்றும். பழைய யுசிஎல்82 இத்தனை ஆண்டுகள் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் சுமந்திருக்கும். புதிய வால்வைச் செருகிவிட்டுக் கண்டென்சரை அப்படியே விட்டிருந்தால் அதுவும் அதே பாட்டைப் பட்டிருக்கும்.

முதல் முறை 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒளிர்ந்து மெல்ல மங்கியது; ஷார்ட் எதுவும் இல்லை. பிறகு நேரடியாகக் கொடுத்தபோது ஒரு நிமிடத்துக்குள் ஸ்பீக்கரில் உயிர் வந்தது, கூடவே 'ம்ம்' என்ற இரைச்சலும். புதிய ஹீட்டர் டிரான்ஸ்பார்மரை அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்து, தொண்ணூறு டிகிரி திருப்பியதும் இரைச்சல் காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு அடங்கிவிட்டது. வால்வின் 2-ஆம் பின்னில் உள்ள 390 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே 14 வோல்ட். அதாவது 36 மில்லி ஆம்பியர், வால்வின் வரம்புக்குள்.

மாலையில் முள்ளை நகர்த்தியபோது 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி தெளிவாகக் கிடைத்தது. 1939-இல் தொடங்கிய அந்த நிலையத்தை இதே பெட்டியில் ஐயாவும் கேட்டிருக்கிறார். பெட்டியைப் பள்ளத்தூருக்குக் கொண்டுபோய்ப் பட்டாலையில் வைத்தபோது, அப்பத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போது நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. ஆறு வாரங்களாக அளவுகள் மாறவில்லை. பழைய கம்பிகள் எதையும் வெட்டாமல் ஓரமாக மடித்துக் கட்டியிருக்கிறேன். உண்மையான யுசிஎல்82 கிடைத்தால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் எனக்குப் பிறகு யாராவது இந்தப் பெட்டியைத் திறந்து, சேஸிஸில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துச் சரியான வால்வையே செருகினால், 16 வோல்ட்டில் அது சூடாகாது. வால்வு கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே பின்பலகையின் உட்புறத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: "மூன்றாம் சாக்கெட்டில் பிசிஎல்82 மட்டும். ஹீட்டர் தனி, 16 வோல்ட். 680 ஓம் ரெசிஸ்டர் யுசிஎல்82-இன் இடத்தில் உள்ளது. சேஸிஸில் மெயின் மின்சாரம் உண்டு, பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடவும்."